ஒழுக வேண்டிய பெட்டி

படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும், லயோனல் மறுபடியும் சவப்பெட்டியின் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தான்.

"இப்படியே நோண்டிக்கிட்டிரு, அப்பா எந்திரிச்சுத் திட்டப் போறாரு," என்றாள் அக்கா மேவிஸ்.

நியூஹேவன் துறைமுகத்தில் நாற்பது வருஷம் படகுகளைப் பழுதுபார்த்தவர் அப்பா. மகன் கைவைத்த படகெல்லாம் ஒழுகும் என்று ஊர் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் படுக்கையில் கிடந்தபடி, "என்னைக் கடல்ல விடுங்க. பெட்டிய அவனே செய்யட்டும். ஒழுக வேண்டிய சாமான் ஊர்ல அது ஒண்ணுதான்," என்றார். அது மன்னிப்பா, குத்தலா என்று லயோனலுக்கு இன்னும் விளங்கவில்லை.

கடலில் இறக்கும் பெட்டிக்குள் தண்ணீர் சட்டென்று புகுந்தாக வேண்டும். மிதந்தால் அலை அதைக் கரைக்கே கொண்டுவந்துவிடும். ஊர் கூடி வேடிக்கை பார்க்கும், அம்மாவும் பார்ப்பாள். இந்தப் பயத்தில் மூன்று நாளாக அவனுக்குச் சோறும் தூக்கமும் இல்லை.

படகுக்காரர் பார்ட்டன் எஞ்சினை நிறுத்தினார். பாதிரியார் ஜெபத்தை முடித்தார். கயிறு மெல்ல நெகிழ, பெட்டி தண்ணீரைத் தொட்டது.

மூழ்கவில்லை.

காலடியில் கட்டிய கான்கிரீட் கட்டிகளையும் சுமந்துகொண்டு, மூடி மட்டும் வெளியே தெரிய, ஆடியபடி நின்றது. பார்ட்டன் கொக்கிக் கழியை எடுத்தார்.

"கொஞ்ச நேரம் பாப்போம். இல்லேன்னா மேல தூக்கிட வேண்டியதுதான்."

படகின் விளிம்புக் கம்பியருகே இருந்த அம்மாவின் பக்கத்தில் லயோனல் போய் நின்றான்.

"துளைய இன்னும் பெருசாப் போட்டிருக்கணும்மா. பலகையெல்லாம் அவ்வளவு கச்சிதமாச் சேந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல."

அம்மா கம்பியைப் பிடித்தபடி குனிந்து பெட்டியை உற்றுப் பார்த்தாள். படகுத் தச்சன் பெண்டாட்டியாக நாற்பது வருஷம் வாழ்ந்த கண்கள் மூலைக்கு மூலை நகர்ந்தன.

"ஒரு இடுக்கு இல்லியேடா," என்றாள்.

"மூழ்கலியேம்மா!"

"உங்கப்பா உள்ள தடவிப் பாத்துக்கிட்டிருக்காரு. பாத்துட்டுப் போவாரு. அவசரப்படுத்தாதே."

ஓர் அலை மூடியின் மேல் ஏறி இறங்கியது. பெட்டியின் கால்பக்கம் தாழ்ந்தது. பிறகு தலைப்பக்கமும் சத்தமில்லாமல் உள்ளே போனது. குமிழிகள் வந்தன, வெகுநேரம் வந்துகொண்டே இருந்தன.

பார்ட்டன் கழியைக் கீழே வைத்தார்.

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கை முழுக்க, ரேகையிலும் கூட, துரு அப்பியிருந்தது.