பதினேழாம் குழாய்

பதினேழாம் குழாயை மூன்றாவது முறையாக இயந்திரத்தில் ஏற்றியும் அதே எண்தான் வந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். எதைக் காட்டினாலும் "மறுபடி பாருங்க" என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'மறுபடி மேடம்' என்று பட்டப்பெயர். இன்றைக்கு அவளுக்கே அந்தச் சொல் கசந்துவிட்டது.

விஷயம் இதுதான். தண்ணீர் இல்லாமல் செடி வாடும்போது இலைகளின் நுண்துளைகளை மூடச் சொல்லும் ஹார்மோன் ஒன்று உண்டு. மனித ரத்தத்திலும் அது துளியளவு இருக்கிறது. ஞாபகம் அழிகிற நோய் வந்தவர்களுக்கு அது குறைகிறது என்று நிறுவத்தான் நான்கு வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தாள். நிறுவிவிட்டால் மூளை மோசமாவதற்கு வெகு முன்பே ரத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடலாம். நோயாளிகள் நாற்பது பேருக்கும் அந்த அளவு குறைவாக இருந்தது. நலமானவர்கள் நாற்பது பேரில் எல்லோருக்கும் அதிகம், ஒருவரைத் தவிர. அந்தப் பதினேழு மட்டும் நோயாளிகளின் கூட்டத்தில் போய்ச் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"தூக்கிப் போட்டுடுங்க மேடம்," என்றார் புள்ளியியல்காரர். வரைபடம் அழகாக வர வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு கவலை இல்லாத மனிதர். "நாப்பதுல ஒண்ணு. யார் கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"தெரியும். அதான் பிரச்சினையே."

ரத்தம் யாருடையது என்று தெரிந்தால் அளப்பவரின் கை ஒரு பக்கம் சாயும். அதனால் குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும்; எது நோயாளி, எது நலமானவர் என்பதையே எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் புள்ளியியல்காரர் பிரித்துச் சொன்னார். பெயர்ப் பட்டியலை உறையில் ஒட்டி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். அளவெடுப்பு முடிந்துவிட்டதால் விதிப்படி இரண்டு கையெழுத்துப் போட்டு, கடுப்போடு உறையைக் கிழித்தாள். பதினேழுக்கு எதிரே அவள் கணவரின் பெயர் இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனுஷருக்கு எதிலுமே நாலு பேரோடு ஒத்துப்போகத் தெரியாதா. அதற்குப் பிறகுதான் அந்த எண் அவரைப் பற்றி என்ன சொல்கிறது என்பது உறைத்தது. அவர் வீடுகளுக்கு வரைபடம் போட்டுத் தருகிறவர், ஐம்பத்தெட்டு வயது. எட்டு மாதத்துக்கு முன் நலமான ஆட்கள் போதவில்லை என்று அவள் வீட்டில் புலம்பியபோது, "நானும் குடுக்கறேன்" என்று தானாகவே வந்தார். கொடுத்தது தெரியும், எந்த எண் என்பதுதான் தெரியாது.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் நரகம். அவர் பேச்சின் நடுவே ஒரு பெயருக்குத் தயங்கினால் அவளுக்குத் திக்கென்றது. பெயர் வந்துவிட்டால், இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எரிச்சல் வந்தது.

"ஏன் இப்படி முறைக்கற?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

எட்டாம் நாள் காலை, எங்காவது தப்பு நடந்திருக்காதா என்ற நப்பாசையில் ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனாள். குழாய் மாறியதா, குளிர்பெட்டி நின்றதா, ஏதாவது ஒன்று. அங்கே இருந்த நர்ஸம்மா இருபது வருட அனுபவக்காரர். ஊசி குத்தினாலும் வலிக்காது என்று பெயர் வாங்கியவர். பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"எல்லாரும் வெறும் வயித்துலதானே வந்தாங்க?"

"ஆமா மேடம். ஜூஸ் மட்டும்தான்."

"என்ன ஜூஸ்?"

"பழ ஜூஸ். முதல் நாளே ஒருத்தர் ஊசியப் பாத்து மயங்கி விழுந்துட்டார். அதுலேர்ந்து வந்ததும் ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடுத்து, ஒரு மணி நேரம் உக்கார வெச்சுதான் எடுப்பேன். சுகர் டெஸ்ட் இல்லையே, பரவால்லன்னு நினைச்சேன்."

"நோயாளிகளுக்கும் குடுத்தீங்களா?"

"அவங்களுக்கு வார்டுல எடுத்தாங்க. அங்க இருக்கற சிஸ்டர் ரொம்பக் கறார். ஒண்ணும் தர மாட்டாங்க."

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செடியின் ஹார்மோனைத் தேடுகிற ஆராய்ச்சியில், அதே ஹார்மோன் நிறைந்த பழத்தைப் பிழிந்து கொடுத்திருக்கிறார்கள். நலமானவர்களின் ரத்தத்தில் அவள் அளந்ததெல்லாம் பழச்சாறு. கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? 'வெறும் வயிறு' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். எதற்காக என்று ஒரு வரி எழுதித் தொலைத்திருந்தால் இந்த அம்மா தண்ணீரோடு நிறுத்தியிருப்பார்.

"பதினேழாம் நம்பர் ஞாபகம் இருக்கா?"

"உங்க சாரா? அவர் ஒருத்தர்தான் தொடவே இல்ல. எவ்வளவு சொல்லியும் கேக்கல."

நான்கு வருட உழைப்பு நாசமாகப் போயிருந்தது. ஆனாலும் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. இதுவரை எடுத்த அளவுகள் செல்லாது என்று அறிவிக்கும் கடிதத்தை மனதில் எழுதிக்கொண்டே, நடுநடுவே சிரித்துக்கொண்டாள். அப்படிச் சிரிப்பது வெட்கமாகவும் இருந்தது.

அவர் வரையும் மேசையில் இருந்தார். நர்ஸம்மாவையும் பழத்தையும் தன்னையும் திட்டித் திட்டி அவள் முழுக்கதையையும் கொட்டினாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்குக் குறைவா, அதிகமா?"

"குறைவு. ஆனா அதுக்கு அர்த்தமே இல்லங்க. அந்த டெஸ்டே குப்பை. ஒரு வாரமா என் உயிரை வாங்கிட்டீங்க. எல்லாரும் குடிச்ச மாதிரி நீங்களும் அந்த ஜூஸக் குடிச்சிருந்தா என்னவாம்?"

"சரியா தெரியணுமேன்னுதான் குடிக்கல."

"என்ன தெரியணும்?"

"நீ சொல்லுவன்னு எட்டு மாசமா காத்துட்டிருக்கேன். கேக்க பயமா இருந்துது." அவர் மேசையைப் பார்த்தபடியே பேசினார். "ஒரு மாடி வீடு வரைஞ்சு குடுத்தேன். படிக்கட்டே போடல. மேல எப்படி சார் போறதுன்னு மேஸ்திரி கேட்டார். சிரிச்சு சமாளிச்சேன். அடுத்த வாரம்தான் நீ ஆள் போதலைன்னு சொன்ன."

இந்த ரத்தத்தை வைத்து நோய் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த மாதிரி எத்தனை தடவை ஆச்சு?"

"அதான் எனக்குத் தெரியல," என்றார்.