பூனைக்கும் ஒரு ஊசி

கொரியாவின் நக்தோங் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்றால் ஈரலில் புழு குடியேறும். அதனால் ஒக்புன் கிழவி வீட்டில் அதற்குத் தடை. மீறினால் புருஷனின் தூண்டில் அடுப்புக்குள் போகும் என்று சொல்லிவைத்திருந்தாள். தோக்சில் கிழவரோ கரையிலேயே நறுக்கி, மிளகாய் விழுதில் தோய்த்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

புழுச் சோதனைக்கு வீடு வீடாக வந்த நர்ஸ், கிழவர் கிழவி இருவர் கையிலும் ஊசி குத்தினாள். "உள்ள புழு வந்திருந்தா உடம்பு அதை மறக்காது தாத்தா. குத்தின இடம் கொஞ்ச நேரத்துல தடிச்சிரும்."

"உடம்பு என்ன கோள்மூட்டியா?" என்று முறைத்தார் கிழவர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கையில் இலந்தைப்பழம் போல் ஒன்று எழும்பிவிட்டது.

"திருட்டுக் கிழவா! கொண்டாய்யா அந்தத் தூண்டிலை!" என்று ஒக்புன் கையை ஓங்கினாள். சட்டைக்கை சரிந்தது. அவள் கையில் அதைவிடப் பெரிதாகத் தடித்திருந்தது.

"நீ எங்கடி தின்ன?"

"அரியும்போது... ருசிக்கு ஒரு துண்டு."

"மீன் துண்டு குறையறப்போல்லாம் பூனை தின்னுடுச்சுன்னு சொன்னியே! பாவம், அதை எத்தனை உதை உதைச்சிருப்பேன்!"

கிழவர் முற்றத்தில் படுத்திருந்த பூனையைத் தூக்கி நர்ஸிடம் நீட்டினார். "இதுக்கும் ஒண்ணு குத்தும்மா. இந்த வீட்டுல யோக்கியன் இது ஒண்ணுதான்."

கிழவி அதற்குப்பின் தூண்டில் பேச்சையே எடுக்கவில்லை.