கில்ட்டுக்குப் பை கிடையாது

நாணயத்தை மறையவைத்து, யாருக்கும் தெரியாமல் கால்சட்டைப் பைக்குள் நழுவவிடும் வித்தையை ஆறு மாதம் கண்ணாடி முன் பழகியிருந்தேன். ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் நடந்த கல்யாணத்தில் பெண்ணின் அப்பா டூகல், "கில்ட் கட்டிட்டுத்தான் வித்தை காட்டணும்" என்று அடம்பிடித்துவிட்டார். அவர்கள் ஊர் ஆண்கள் கட்டும் அந்தப் பாழாய்ப்போன பாவாடைக்குப் பக்கவாட்டில் பையே கிடையாது. பழக்கதோஷத்தில் கை இடுப்புக்குப் போனது. நாணயம் நழுவி, முழங்கால்வரை ஏறிய என் கம்பளிக் காலுறைக்குள் சத்தமில்லாமல் விழுந்தது.

"பைகூட இல்லையே, எங்கய்யா போச்சு?" என்று டூகல் வாயைப் பிளந்தார். மண்டபமே கைதட்டியது. என் தவறுக்கு!

"இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள்.

அதே தவறை மூன்று தடவை செய்துபார்த்தேன். மூன்று தடவையும் நாணயம் ணங்கென்று தரையில் விழுந்து உருண்டது.

"மொத தடவை ஒழுங்காத்தானேய்யா செஞ்சே?" என்று டூகல் என் தோளைத் தட்டினார். "பழகணும்யா, பழகணும்."