பைல் மாற்றத் தெரியாத ரீச்சர்

யதுர்ஷிகா பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற ரீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்தக் கிழமை முழுக்க அவள், ஒரு கொம்பியூட்டரில் கிடக்கிற பைலை இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவதென்றே தெரியாதவள் மாதிரி முரசுமோட்டை வீட்டுக்குள் திரிந்தாள்.

பைலும் லேசுப்பட்ட பைல் இல்லை. அவளுடைய சாமத்தியவீட்டு வீடியோ.

பெரியபிள்ளையான பிள்ளைக்குத் தண்ணி வார்த்து, ஆலாத்தி எடுத்து, நாலு பேருக்குச் சோறும் போட்டு விட்டிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. சனம் அதோடு விடுமா? வீடியோக்காரன் ஒருத்தனைப் பிடித்தார்கள். அவன் தனக்குத் தெரிந்த வித்தை முழுவதையும் அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டினான். முதலில் ஒரு தாமரைப் பூ விரியும். உள்ளே விசிறியோடு யதுர்ஷிகா இருப்பாள். பிறகு சுவிஸ் மலையில், காலில் செருப்பும் இல்லாமல், பனிக்குள் நடப்பாள். அதற்குப் பிறகு அவர்களுடைய வயலில் ஒரு விமானம் இறங்கும். கதவு திறக்கும். தலையில் கிரீடம், முழங்கால் வரைக்கும் ஒட்டுப் பின்னல், காய்ச்சல்காரி மாதிரி ஒரு முகம். இறங்கி வந்து கமராவுக்கு முத்தம் ஒன்றைப் பறக்க விடுவாள்.

அழித்துத் தொலைக்கலாம்தானே என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின படங்களெல்லாம் சண்டைக்கால இடம்பெயர்வில் போய்விட்ட வீடு அது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கிற முதல் வீடியோ இதுதான். அழிக்க அவளுக்கும் கை வரவில்லை. ஆனால் அது அந்தப் பழைய கொம்பியூட்டருக்குள்ளேயே கிடந்து மக்கட்டும் என்பதுதான் அவள் விருப்பம்.

அம்மா விமலேஸ்வரியின் விருப்பம் வேறு. மகளின் புது லப்டொப்பை ரிவியில் கொழுவலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வருகிறவர்களுக்குப் பெரிய ரிவியில் விமானம் காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

மாப்பிள்ளை சிவகரன். மாங்குளத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறவன். முன்னர் வந்த சம்பந்தங்களையெல்லாம் ஏதாவது குற்றம் சொல்லித் தட்டிக் கழித்த யதுர்ஷிகாவுக்கு இவனைப் பிடித்துவிட்டது. போனில் அவன் குரல் கேட்டாலே கொப்பி திருத்துவதைப் பாதியில் விட்டுவிடுகிற அளவுக்குப் பிடித்துவிட்டது. அந்த மனிதனுக்கு முன்னால் அந்த விமானம் இறங்கினால், பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் மணவறையில் ஏறுவாள்?

"பென்டிரைவில போட்டுத் தாவன் பிள்ளை," என்று அம்மா தொடங்கினாள்.

"உந்தப் பழசு முழுக்க வைரஸ் அம்மா. புது லப்டொப்புக்கும் தொத்திப்போடும்."

கொரோனாவைக் கண்ட மனுசி. வைரஸ் என்றதும் அன்றைக்கு வாயை மூடினாள். அடுத்த நாள் காலையில் வந்து, "ஊசி போட்ட பென்டிரைவ் வாங்கேலாதோ?" என்று கேட்டாள்.

"வாங்கேலாது."

"அப்ப வைபையால அனுப்பு."

"அந்தப் பழசில வைபை இல்லை." அந்தக் கிழமை அவள் சொன்ன ஒரேயொரு உண்மை அது.

"வயர் கொழுவி எடுக்கலாமெண்டு சொல்லுறாங்கள்?"

"அந்த வயர் இப்ப வாறேல்லை அம்மா." பள்ளிக்கூட லாப்பில் அந்த வயர் உடுப்புக் காயக் கொடி கட்டுகிற அளவுக்குக் கிடந்தது.

"இன்ரநெற்றில ஏத்தி இறக்கு."

"எங்கட சிக்னலுக்கு ஏத்தி முடிய, சிறுபோக நெல்லே வெட்டிப்போடுவினம்."

விமலேஸ்வரி இடுப்பில் கையை வைத்தாள். "அப்ப நீ உந்தப் பள்ளிக்கூடத்தில என்னத்தையடி படிப்பிக்கிறாய்?"

பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா தில்லைநாதன் மகளுக்காகப் பேசினார். "அவளை ஏன் ஏசுறாய்? பிள்ளை படிச்சது புதுக் கொம்பியூட்டர். பழசு படிச்சிருக்க மாட்டாள்."

அந்த ஆதரவுதான் அவளை அதிகமாகக் கொன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மானம் பெரிதா, படிப்புப் பெரிதா என்று வந்தால் மானம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை முற்றத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சிவகரன்!

"நான்தான் வரச் சொன்னனான்," என்றாள் அம்மா, வெற்றிலை மென்ற வாயால் சிரித்தபடி. "வாங்கோ தம்பி. இவள் ரீச்சர்தான், ஆனா ஒரு வீடியோ மாத்தத் தெரியேல்லை. சாமத்தியவீட்டு வீடியோ எண்டு போனிலயே சொன்னன்தானே."

சிவகரன் அவளை ஒருதரம் பார்த்தான். பழைய கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தான். முடிந்தது கதை என்று யதுர்ஷிகா நினைத்தாள். கடைக்காரனுக்கு இது ஒரு நிமிச வேலை.

அவன் பென்டிரைவைக் குத்தினான். பைலைப் பிடித்து இழுத்துப் போட்டான். பைல் பெரிது, போகாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"அடக் கடவுளே. போகுதில்லை மாமி."

யதுர்ஷிகா மனதுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

"இடம் இல்லையோ தம்பி?"

"இடம் கிடக்கு மாமி. ஆனா போகுதில்லை."

பென்டிரைவைக் கழற்றினான். அதற்குள் ஊதினான். திரும்பக் குத்தினான். அதே பெட்டி. கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டான். அதே பெட்டி. திரும்பவும் ஊதினான்.

யதுர்ஷிகாவுக்குக் கை துருதுருக்கத் தொடங்கியது. ஊதுகிறானே! கடை வைத்திருக்கிற மனிதன், அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதுகிறானே! இவனிடம் கொம்பியூட்டர் திருத்தக் கொடுக்கிற மாங்குளத்துச் சனத்தை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது.

சிவகரன் கதிரையில் சாய்ந்தான். "சில பைலுகள் அப்பிடித்தான் மாமி. பிறந்த கொம்பியூட்டரை விட்டு வராது. ஒருத்தராலயும் ஒண்டும் செய்யேலாது."

"அப்பிடியோ!" விமலேஸ்வரியின் குரல் இரங்கியது. "உங்களாலயே ஏலாதெண்டால் நான் இவளை ஏசினது பிழைதான். பாவம், இவளுக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான்.

"எழும்புங்கோ," என்றாள் யதுர்ஷிகா.

"என்ன?"

"கதிரையை விட்டு எழும்புங்கோ!"

அவன் எழும்பும் முன்பே கதிரை அவள் கைக்கு வந்துவிட்டது. "பென்டிரைவ் பழைய முறையில போர்மற் பண்ணிக் கிடக்கு. அதில நாலு ஜீ.பீ.க்கு மேல ஒரே பைலாப் போகாது. மாத்திப் போர்மற் பண்ணினால் போகும். இதில ஊதுறதுக்கு என்ன கிடக்கு? என்ர வகுப்பில கடைசி வாங்குப் பெடியனுக்கும் தெரியும் இது!"

சொல்லி முடிக்க முதலே செய்தும் முடித்துவிட்டாள். பச்சைக் கோடு மெல்ல ஊரத் தொடங்கியது.

அம்மா பச்சைக் கோட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றாள் விமலேஸ்வரி. "வைரஸ் எங்க போயிட்டுது?"

பதிலுக்கு அம்மா நிற்கவில்லை. வென்றவளின் நடை நடந்து, ரிவியைப் போடப் போனாள்.

சிவகரன் குனிந்து, குரலைத் தாழ்த்தினான். "நாலு ஜீ.பீ. கதை எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சீங்கள்?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கடைக்கு வாற சனத்தில பாதிப்பேர் இதுக்குத்தான் வருகினம். மாமி போனில சொன்ன உடனயே எனக்கு விளங்கிட்டுது, ஒரு ரீச்சர் ஏன் தெரியாதெண்டு சொல்லுறா எண்டு. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள், அவளின்ர வீடியோவையும் பாத்தனான். ஏலாதெண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் போவமெண்டுதான் வந்தனான். நீங்கள் விட்டால்தானே."

யதுர்ஷிகாவுக்கு அழுகை வந்தது. தன்மேல் ஆத்திரம் வந்தது. கட்டினால் இந்த மனிதனைத்தான் கட்ட வேண்டும் என்ற நினைப்பும் அதே நேரத்தில் வந்தது. தன் தொழில் மானத்தையே தூக்கிக் கொடுத்து, மாமியாருக்கு முன்னால் ஊதிக்கொண்டு இருந்திருக்கிறான்!

"இப்பவும் நிப்பாட்டலாம்," என்றான் அவன். "கன்சலை அமத்துங்கோ."

அவள் கை மவுசுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அமத்தினால், ரீச்சராலயும் ஏலாமல் போச்செண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லுவா."

"சொல்லட்டுமே."

"ஏலாது," என்று கையை எடுத்துவிட்டாள். "பாருங்கோ. ஆனா சிரிச்சீங்களெண்டால் இருக்கு."

பெரிய ரிவியில் தாமரை விரிந்தது. சிவகரன் சிரிக்கவில்லை. சுவிஸ் பனி வந்தது. உதட்டைக் கடித்தான். விமானம் வருவதற்கு முன்பே அவன் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கிவிட்டன, கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

பார்த்துப் பார்த்து யதுர்ஷிகாவுக்கே பொறுக்கவில்லை. "வாய்விட்டுச் சிரிச்சுத் தொலையுங்கோ. நெஞ்சடைச்சுச் செத்துப்போவியள்."

அவன் வெடித்தான். அவனைப் பார்த்து அவளும் வெடித்தாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் பார்ப்பதும் திரும்பச் சிரிப்பதுமாக இருந்தார்கள்.

விமலேஸ்வரிக்குக் கோபம் வந்தது. "என்ன இளிப்பு? எவ்வளவு வடிவா எடுத்துக் கிடக்கு. இருந்து பாருங்கோ, நாளைக்கு உங்களுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை பிறந்தால், இதைவிடப் பெரிசா நான் எடுப்பிப்பன்."

"ஏலவே ஏலாது!"

இரண்டு பேர் வாயிலும் ஒரே நேரத்தில் வந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் உறைத்தது. யதுர்ஷிகா முகம் சிவந்து நிலத்தைப் பார்த்தாள்.

தில்லைநாதன் பேப்பரை மடித்து வைத்தார். "சரி, அப்ப கலியாணத்துக்கு நாள் பாப்பம்," என்றார்.