லேட் வைத்தியலிங்கம்

என் அண்ணன் வைத்தியலிங்கம் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தை வந்ததற்கு நான்தான் காரணம். அச்சகத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

என் மகள் பூர்ணிமாவின் கல்யாணப் பத்திரிகைக்காகப் பட்டுக்கோட்டை அச்சகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். தாய்மாமன் பெயரைச் சொன்னேன். "பேரு சரியான்னு அவருகிட்டயே ஒரு தடவை கேட்டுக்கலாமாம்மா?" என்றாள் அந்தப் பெண். ஊரே சம்பா நட்டுக் களை பறிக்கும்போது விதை ஊறவைக்கிற மனிதர் என் அண்ணன். எரிச்சலில், "அவரு லேட்டும்மா, விடுங்க" என்றேன்.

ஐந்நூறு பத்திரிகையிலும் 'லேட் வைத்தியலிங்கம்' என்று பளிச்சென்று விழுந்துவிட்டது. பாதியைக் கொடுத்த பிறகுதான் பார்த்தோம். படித்துப் பார்க்காமல் கொடுத்த என் வீட்டுக்காரர் துரைராசுவை என்ன சொல்ல.

அண்ணன் வீட்டுக்குத் துக்கம் விசாரித்துப் போன் வர ஆரம்பித்தது. "செத்தவன் எப்படிக் கல்யாணத்துக்கு வருவான்? வேற மாமனைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் மாலை எடுத்துக் கொடுக்காமல் என் மகள் மணையில் உட்காருவதை என்னால் நினைக்கவே முடியவில்லை. அன்றைக்கே பழத்தட்டோடு மூன்று பேரும் கிளம்பினோம்.

பூர்ணிமா கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறவள். சமாதானம் பேசுகிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தாள். "மாமா, லேட்டுங்கிற வார்த்தைக்கு ஆதியில சாவுங்கிற அர்த்தமே கிடையாது. மந்தம், சோம்பல்னுதான் அர்த்தம்."

"ஓகோ" என்றார் அண்ணன்.

"அப்புறம்தான் நேரங்கழிச்சுன்னு ஆச்சு. அதுலேருந்து சமீபத்துலன்னு ஒரு அர்த்தம். சமீபகாலம் வரைக்கும் இருந்தவருன்னு சொல்லிச் சொல்லியே செத்தவங்களுக்கு ஒட்டிக்கிச்சு. லாஸ்ட்டுங்கிறதும் இதுலேருந்து வந்ததுதான்."

"அப்ப நான் சோம்பேறி, சமீபத்துல போனவன், கடைசி. உம்பொண்ணை நல்லாத்தான் படிக்க வச்சிருக்கே, ஆனந்தவல்லி."

மகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அண்ணன் பத்திரிகையை மறுபடி எடுத்துப் பார்த்தார். "யார் யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார். துரைராசு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டியவர், எங்களை அங்கேயே விட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் வீடு வீடாக அலைந்திருக்கிறார். நான்காம் நாள் எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது முகமே மாறியிருந்தது.

"கோடியக்கரைச் சித்தப்பா என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாரு. வரப்புத் தகராறுல பத்து வருஷமா பேச்சே கிடையாது. டிராக்டர் ஓட்டுற சேரன் வேளாங்கண்ணிக்குப் போயி எனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கான். உன் நாத்தனா மட்டும், 'ஓ, சாகலியா?'ன்னுட்டு சீரியல் பாக்கப் போயிட்டா."

"கல்யாணத்துக்கு வருவீங்கள்லண்ணே?"

"வராம? அழுதவங்க அத்தனை பேருக்கும் முன்வரிசையில நாற்காலி போடச் சொல்லு. எழுதிக்கிட்டு வந்திருக்கேன்."

போன உயிர் எனக்குத்தான் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் நீட்டிய காகிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.

"இதுல என் பேரு எங்கண்ணே?"

"கொன்னவ பேரை எப்படிடி எழுதுறது?" என்றார்.