எந்த மாமா?

'மாமா' என்று யாராவது சொன்னால் உங்களுக்கு முதலில் யார் முகம் வரும்? அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா?

என் மகள் பதினோராம் வகுப்பில் வரலாறு எடுத்திருக்கிறாள். மியூசியத்தில் டிக்கெட் கிழிக்கப் போகிறாயா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். வாங்க, உங்களை ஓசியில் விடுறேன் என்று சொல்லிவிட்டாள். நான் கடல் தாண்டி ஒரு ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். சாப்பாட்டு இடைவேளையில் போனைச் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்து அவளோடு பேசுவேன்.

எங்கள் ஊர் நூல் ஆலையில் நடந்த பழைய வேலைநிறுத்தம் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதினாள். அந்தக் காலத்து ஆட்களிடமே கேட்க வேண்டும், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது டீச்சர் போட்ட விதி. ஒரு நாள் இடைவேளையில் அதைப் பற்றிப் பேசினாள். மறுநாள் கட்டுரைகளைப் பள்ளிச் சுவரில் ஒட்டப் போகிறார்கள். ஆலையின் பழைய ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவளுடைய அத்தை, அதாவது என் அக்கா சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "மாமாதான் பின்கதவைத் திறந்துவிட்டாரு. வெளியாளுங்க உள்ள போய் மெஷினை ஓட்டிட்டாங்க. அதோட எல்லாம் போச்சு."

அதன் கீழே, 'மாமா: அத்தையின் கணவர்' என்று எழுதியிருந்தாள்.

மச்சானும் அந்த ஆலைக்காரர்தான். அக்காவைக் கட்டுவதற்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அன்று வேலை போனவர்கள் இன்றும் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். நாளை அவர்கள் அந்தச் சுவரைப் படிப்பார்கள்.

"அத்தை 'உங்க மாமா'ன்னு சொன்னாங்களா, வெறும் 'மாமா'ன்னு மட்டுமா?" என்று கேட்டேன்.

போனில் பதிந்திருந்ததை மறுபடி போட்டுக் கேட்டாள். வெறும் மாமாதான்.

அக்கா பிள்ளைகளிடம் தன் கணவரை 'உங்க மாமா' என்பாள். வெறும் மாமா என்றால் எங்கள் தாய்மாமன். ஆலையில் வாட்ச்மேனாக இருந்தவர். அப்பா போன பிறகு எங்களைத் தூக்கி வளர்த்த மனுஷன், இப்போது உயிரோடு இல்லை. அவர் கதவு திறந்த கதை எனக்கு அதுவரை தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மச்சான் தலையில் விடியும். திறந்தால் மாமா தலையில். போனைக் கையில் எடுத்து, அத்தை சொன்னது எங்கள் தாய்மாமனை என்று அவளிடம் சொன்னேன்.

வேலை முடிந்து அறைக்கு வந்தபோது அவளே கூப்பிட்டாள். அத்தையிடம் போய்க் கேட்டிருக்கிறாள். வாய் தவறி வந்துவிட்டது, அந்த வரியையே அடித்துவிடு என்றாளாம் அக்கா. மச்சான், தன் பெயரே இருக்கட்டும் என்றாராம்.

"நாலு பேர் திட்டினா திருப்பித் திட்ட எனக்கு வாய் இருக்கு. அவருக்கு இல்லை."

"அது உங்க பெருந்தன்மை மாமா. நடந்தது அது இல்லையே" என்றாளாம் இவள்.

அக்கா, "அப்ப ஏன் திறந்தாருன்னும் எழுது. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க பட்டினி" என்றாளாம்.

"அதுல ஒண்ணு நீங்கப்பா. எழுதட்டுமா?"

"சொன்னதைச் சொன்னபடி எழுதும்மா" என்றேன்.

மறுநாள் காலை, 'மாமா: அத்தையின் தாய்மாமன்' என்று திருத்திய கட்டுரையைச் சுவரில் ஒட்டினார்கள். மச்சான் கூட்டாளிகளோடு போய்ப் படித்தார். அக்கா போகவில்லை.