பின்கட்டுச் சாவி

காலையில் ஜெயசுதா தலைவாரி முடிப்பதற்குள் மகள் பாரதி பாட்டிலைக் கழுவி, கழுத்துவரை தண்ணீர் பிடித்து, அம்மாவின் பையில் செருகிவிடுவாள். ஒன்பதாவது படிக்கிற பெண். "தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி வெச்சா கிருமி வராம இன்னாம்மா செய்யும்? திரும்பத் திரும்ப வந்தா கிட்னிக்குப் போயிடும்" என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டவள். அன்றிலிருந்து பாட்டில் அவள் பொறுப்பு. சாயங்காலம் அது காலியாகத்தான் வீடு திரும்பும். பாரதி ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். அந்தத் தண்ணீர் முழுவதும் வாசலோரக் கறிவேப்பிலைச் செடிக்குப் போயிருக்கும். வல்லத்தில் அந்தத் தெருவிலேயே அவ்வளவு செழிப்பான கறிவேப்பிலை வேறு யார் வீட்டிலும் கிடையாது.

குடிக்கக் கூடாது என்று ஜெயசுதாவுக்கு வேண்டுதல் ஒன்றுமில்லை. செஞ்சி கடைத்தெருவில் ராஜகோபாலின் ஜவுளிக்கடையில் பல வருஷமாகச் சேலைப் பக்கம் நிற்கிறாள். கடைக்குள் கழிப்பறை கிடையாது. பின்கட்டில் முதலாளியின் வீடு. அங்கே ஒன்று உண்டு. அதன் சாவி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், வாடிக்கையாளர்களுக்காக. வேலை செய்கிற பெண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு நடை, அவ்வளவுதான். அதனால் அவர்கள் காலையில் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்திக்கொள்வார்கள். தொண்டை காய்ந்தால் ஒரு கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். சோற்றில் மோர் ஊற்ற மாட்டார்கள். புதிதாகச் சேரும் பெண்ணுக்குச் சேலை மடிக்கச் சொல்லித்தருவதற்கு முன்பே, கூட வேலை செய்யும் மணிமொழி இந்த வித்தையைச் சொல்லித்தந்துவிடுவாள்.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் மாறுகிற சாக்கில் கடைத்தெருவுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஜெயசுதாவுக்கு விடியும்போதே அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் ஆரம்பித்திருந்தது. மறுபடியுமா என்று பயந்துபோனாள். பயத்தை மடித்து வைத்துவிட்டுச் சேலையை விரித்துக்கொண்டிருந்தாள்.

மாமியாரோடு சேலை பார்க்க வந்த நிறைமாதப் பெண் ஒருத்தி நெளிந்தாள். கல்லாவில் இருந்த முதலாளியம்மா மனோரமா பார்த்துவிட்டாள். "ஜெயசுதா, இந்தப் பொண்ணப் பின்னால கூட்டிட்டுப் போ" என்று சாவியைக் கொடுத்தாள்.

உள்ளே போன பெண்ணின் பையைப் பிடித்துக்கொண்டு ஜெயசுதா வெளியே நின்றாள். எத்தனையோ பேருக்கு இப்படிக் காவல் நின்றாயிற்று. வெளியே வந்த பெண் முகமெல்லாம் தெளிந்து, "நீங்களும் போறதுன்னா போய்ட்டு வாங்கக்கா, நான் நிக்கிறேன்" என்றாள்.

"எங்களுக்கு பஸ் ஸ்டாண்டும்மா."

"அவ்ளோ தூரமா? இது இங்கியே இருக்குதே!"

ஜெயசுதாவுக்குச் சுருக்கென்றது. சேர்ந்த அன்றைக்கு மனோரமா ஒரே ஒரு தடவை, "பின்கட்டு கஸ்டமருக்கு மட்டும்தான்" என்று சொன்னதுதான். அதற்கப்புறம் அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கோபம் வந்தது. அது மனோரமா மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது.

கடைக்குள் வந்து சாவியைக் கொடுத்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். திறந்து, நின்ற இடத்திலேயே மடக் மடக்கென்று குடித்தாள்.

மணிமொழிக்குக் கண் பிதுங்கியது. "யக்கா, இன்னா பண்ற? மத்தியானத்துக்கு இன்னும் எவ்ளோ நேரம் கெடக்குது!"

"தாகமா இருக்குது, குடிக்கிறேன்."

நாலைந்து சேலை விற்பதற்குள் தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. ஜெயசுதா கல்லாவுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"அக்கா, சாவி."

மனோரமா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான்க்கா."

மனோரமா கெட்டவள் இல்லை. பாரதிக்குக் காய்ச்சல் என்றபோது ஆட்டோ பிடித்து அனுப்பியவள். இப்போது மட்டும் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ராஜகோபால் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "ஒருத்திக்குத் தொறந்தா எல்லாரும் வருவாங்களேம்மா" என்றார்.

"ஆமாண்ணா, வருவாங்க."

சொன்ன பிறகுதான் ஜெயசுதாவுக்கு அந்த நினைப்பு வந்தது. இந்த வேலை போனால் மறுபடி மல்லாட்டைக் கடலை பிடுங்கக் கூலிக்குப் போக வேண்டியதுதான். ஆனாலும் நீட்டிய கையை மடக்கவில்லை. மடக்கினால் இனி எப்போதும் நீட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. மனோரமா சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"போய்ட்டு வா. நாளைக்குப் பேசிக்கலாம்."

சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்வந்தாள். சாயங்காலம் பஸ்ஸில், நாளைக்கு என்ன பேசுவார்கள் என்பதே வல்லம் வரை மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் மணிமொழி இவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து வைத்ததும், தானும் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கல்லாப் பக்கம் திருதிருவென்று பார்த்ததும் இடையிடையே ஞாபகம் வந்தன. எரிச்சல் இன்னும் போகவில்லை. காலையில் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் கடை என்று முடிவு செய்துகொண்டாள்.

இறங்கி நடந்து, செடியைத் தாண்டி வாசற்படியில் கால் வைத்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து பாரதியின் குரல் வந்தது.

"யம்மா, இன்னிக்குச் செடிக்கு ஊத்தலியா?"

ஜெயசுதா படியிலேயே நின்றுவிட்டாள். எத்தனை நாளாக இந்த ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளோ! பார்த்துவிட்டும் காலையில் எழுந்து பாட்டிலைக் கழுவியிருக்கிறாள்.

"இல்ல பாப்பா. நானே குடிச்சிட்டேன்."

பாரதி வெளியே வந்தாள். பாட்டிலை வாங்கினாள், குலுக்கிப் பார்க்கவில்லை. டிரம்மிலிருந்து ஒரு மக்குத் தண்ணீர் மொண்டு வந்து செடியின் அடியில் மெதுவாக ஊற்றினாள். காய்ந்து கிடந்த மண் சர்ரென்று அதை உறிஞ்சியது. அவள் இன்னொரு மக்கு மொள்ளப் போனாள்.